வருத்தம் மன்னிப்பாகாது

2025 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் செய்தியாளர்களைச் சந்தித்த முன்னாள் முதலமைச்சர் ஏ. கே. அந்தோணி, முத்தங்கா பற்றிய சிபிஐ அறிக்கையை அரசு வெளியிட வேண்டும் என்றார். 2003 பிப்ரவரி 19 அன்று அந்த வயநாட்டுக் காட்டில் ஆதிவாசிகள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியபோது ஆட்சியில் இருந்தவர் அவரே. அன்று ஜோகி என்ற ஆதிவாசியும் காவலர் ஒருவரும் உயிரிழந்தனர். அந்தோணியின் பேச்சையொட்டி எழுந்த விவாதம், ஒரு தலைவரின் மனச்சான்றையும் ஒரு நாளின் வன்முறையையும் சுற்றியே நின்றுவிட்டது. குற்றம் அந்த ஒரு நாளில் நிகழ்ந்ததன்று.

ஆதிவாசிகள் இழந்த நிலத்தை மீட்டுத் தருவதற்கான சட்டத்தைக் கேரளச் சட்டமன்றம் 1975இல் இயற்றியது. அதற்கு விதிகள் வகுக்கப்பட்டதோ 1986இல். வயநாட்டு மருத்துவர் நல்லதம்பி தேரா தொடுத்த வழக்கில், சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு 1993இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணைக்குப் பணிவதை விடுத்து, 1996இல் இரு அணிகளும் கைகோத்துச் சட்டத்தையே திருத்தின. அவையில் எதிர்த்து நின்றவர் கே. ஆர். கௌரியம்மா ஒருவரே. அத்திருத்தத்திற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்தார். 1999இல் வேறொரு சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரையிலான நிலம் வாங்கியவரிடமே இருக்கும், ஆதிவாசிக்கு மாற்று நிலம் கிடைக்கும் என்றது அது.

அந்த மாற்று நிலம் எங்கே என்ற கேள்வியே 2001இல் சி. கே. ஜானுவின் தலைமையில் தலைநகரில் குடில்களாக எழுந்தது. 48 நாள் போராட்டத்தின் முடிவில், நிலமற்ற குடும்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரை தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. வாக்கு நிறைவேறாததால்தான் மக்கள் முத்தங்காவுக்குச் சென்றனர். 2014இல் அதே வாக்கை நினைவூட்டத் தலைமைச் செயலகத்தின் முன் 162 நாள்கள் நின்றனர்.

குடியேறிய உழவர்களும் ஏழைகளே என்ற வாதம் உண்டு. அது உண்மைதான். ஆகவேதான் மன்னிப்புக் கேட்க வேண்டியது அவர்கள் அல்லர். ஒருவருக்கு நிலத்தை உறுதிசெய்து, மற்றவருக்கு வெறும் வாக்குறுதியை அளித்த அரசு.

மன்னிப்பு வெறும் சொல், நிலமே தேவை என்பது இன்னொரு வாதம். சொல்லின் மதிப்பு அது சொல்லப்படும் இடத்தையும் முறையையும் பொறுத்தது. 2009இல் அமெரிக்கா தன் பூர்வகுடிகளிடம் கேட்ட மன்னிப்பு, பாதுகாப்புத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவாகச் செருகப்பட்டது. அதை வைத்து எவரும் உரிமை கோர முடியாது என்ற வரியும் உடன் சேர்ந்தது. 2008இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட், முந்தைய நாடாளுமன்றங்கள் இயற்றிய சட்டங்களுக்காகவும் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். ஆனால் இழப்பீட்டை அவர் அரசு மறுத்தது. முதலாவது மறைக்கப்பட்ட மன்னிப்பு. இரண்டாவது பாதி மன்னிப்பு.

கேரளம் இவ்விரண்டையும் பின்பற்ற வேண்டியதில்லை. தவறு சட்டமாக இயற்றப்பட்ட அதே அவையில், 1996, 1999 ஆகிய ஆண்டுகளைப் பெயர்சுட்டி, இரு அணிகளும் சேர்ந்து தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். எந்தக் குடும்பத்திற்கு எவ்வளவு நிலம், எந்த நாளுக்குள் என்ற பட்டியல் அத்தீர்மானத்தோடு இணைக்கப்பட வேண்டும். பட்டியல் இல்லாத தீர்மானம் 2001ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மறுபதிப்பாகவே முடியும்.