கலமும் களப்பும்

கலம் உயிரின் அடிப்படை அலகு என்று நம் மாணவர் பிழையின்றி ஒப்புவிப்பர். அக்கலம் என்ன வேலை செய்கின்றது எனக் கேட்பின் வாளாவிருப்பர். வலையிறவுப் பாலத்துக்கு இப்பாலுள்ள படுவான்கரைச் சிறார் பலர், இவ்வறிவு நகரத்தார்க்கும் மருத்துவராவார்க்குமே உரியதென ஒதுங்குதலையும் காண்கின்றோம். தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என்று விஞ்ஞான ஆசிரிய நண்பர்கள் நகைக்கலாம். சொல்லுக்குரியவர் நாமாதலின் பொருளைக் கேட்கும் உரிமையும் நமக்குண்டு.

தமிழகத்தார் 'செல்' என வழங்குவதை ஈழத்து நூல்கள் 'கலம்' என்கின்றன. நம்முடையதே சிறந்ததென்பது நம் கருத்து. ஆயினும் கலமென்றதும் ஏதோ நிரம்பிக் கிடக்கும் பாண்டமொன்றே மாணவர் மனத்தில் தோன்றுகின்றது. மரக்கலம் என்ற பொருளும் அதற்கு உண்டன்றோ? அதுவே இங்குப் பொருந்தும். கசியும் தோணியிலிருந்து ஓயாது நீர் இறைப்பவனை வவுணதீவு மாணவன் அறிவான். கலத்தின் மென்சவ்வினூடாகச் சோடியம் உள்ளே கசிகின்றது. அதனை இறைப்பதற்கென்றே அங்கு ஒரு புரதம் பதிந்துள்ளது. ஒவ்வொரு முறையும் அது 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி, 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கும். அதற்குக் கூலி, ஏ.ரி.பி. என்னும் மூலக்கூறு ஒன்று. நாம் உண்ட சோற்றிலிருந்து அக்கூலியைப் பெரும்பாலும் ஆக்கித் தருவன இழைமணிகள். நாம் ஓய்ந்து படுத்திருக்கையிலும் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இவ்விறைப்புக்கே போகின்றது.

டென்மார்க்கு நாட்டு யென்ஸ் ஸ்கௌ இப்புரதத்தை 1957 இல் கண்டறிந்தது நண்டுக் காலின் நரம்பிலே. 1997 இல் நோபெற் பரிசு பெற்றார். மாரியில் உவர் குன்றியும் கோடையில் உவர் மிகுந்தும் மாறும் நம் களப்பில் நண்டு பிழைத்திருப்பதற்கும் இவ்விறைப்பு பெரிதும் துணை. கறிச்சட்டிக்கு அப்பால் நண்டை நோக்கியவர் நம்முள் எத்தனை பேர்!

இது வெறும் ஏட்டறிவு என்பார்க்கு ஒன்று கூறுவோம். வெள்ளம் வடிந்தபின் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவதுண்டு. அப்போது 'ஜீவனி' கரைத்துக் கொடுக்கின்றோம். வெறும் நீர் போதாதோ? குடற்கலம் சோடியத்தை இறைத்துக்கொண்டே இருப்பதனால், வெளியிலுள்ள சோடியம் உள்ளே புக முந்துகின்றது. வாயிற்காவலன் போன்ற வேறொரு புரதம், குளுக்கோசும் உடன் வந்தாலன்றி அதற்கு வழிவிடாது. இரண்டும் சேர்ந்து புக, நீர் பின்தொடரும். வாந்திபேதியிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை. 1971 இல் வங்காள அகதிகளிடையே அந்நோய் பரவி, நாளத்தில் ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சோடாவும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேரளவில் மாண்டுகொண்டிருந்த முகாமில் இறப்பு நூற்றுக்கு 4 இலும் குறைந்தது. பிள்ளை விரும்பிக் குடிக்கட்டுமென்று அளவு மீறிச் சீனி சேர்க்குந் தாய், உடலிலுள்ள நீரையும் குடலுக்குள் இழுத்துவிடுகின்றாள். அளவு ஏன் என்பதை அவளுக்குச் சொல்லவல்ல பிள்ளை அவ்வீட்டிலேயே படித்துக்கொண்டிருக்கின்றான். சொல்லத்தான் நாம் பழக்கவில்லை.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானமும் கற்றவர். 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அன்றைய குறை சொற்கள் இன்மை. இன்று சொற்கள் மலிந்துள்ளன. அவற்றைக் கோத்து விளக்கும் உரைநடைதான் அரிது. நொதியம், பிரசாரணம் என்பவற்றுக்கு வரைவிலக்கணம் எழுதுவித்ததோடு நில்லாமல், எது எதனைத் தள்ளுகின்றது, கூலி எங்கிருந்து வருகின்றது என்பதைத் தமிழ்க் கட்டுரை வகுப்பிலேயே எழுதுவிக்கலாம். 'எனது கிராமம்' எழுதிச் சலித்த கைகளுக்கு 'ஜீவனி குடலிற் செய்வது யாது?' என்னுந் தலைப்பைக் கொடுத்துப் பார்ப்போம். புள்ளியிடும்போது விஞ்ஞான ஆசிரியரும் நம்மருகே அமரட்டும்.