மாணவியின் மனம் உடைந்த பின்னர் பெறுபேற்றைக் கேட்டு என்ன பயன்?

2025 ஏப்ரல் 29ஆம் திகதி கொட்டாஞ்சேனையில் 16 வயது மாணவி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாடசாலை ஆசிரியர் ஒருவர் அவரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகவும், பின்னர் தனியார் வகுப்பொன்றில் மற்ற மாணவர்கள் முன்னிலையில் அவர் அவமானப்படுத்தப்பட்டதாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. மே மாதத்தில் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் பெற்றோரும் பொதுமக்களும் வீதிக்கு இறங்கினர். அந்த ஆசிரியர் கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டார். குற்றச்சாட்டின் உண்மையை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நாம் சிந்திக்க வேண்டிய விடயம் வேறொன்று இருக்கிறது.

ஒரு பிள்ளை கணிதத்தை விரும்புவது பெரும்பாலும் கணித ஆசிரியரை நம்புவதால்தான். அந்த நம்பிக்கை உடைந்தால் முதலில் கேள்வி கேட்பது நிற்கும். பிறகு வகுப்புக்குச் செல்லாமலிருக்கத் தலைவலி, வயிற்றுவலி என்று காரணங்கள் வரும். கடைசியில் அந்தப் பாடமே கைவிடப்படும். இதைப் பார்த்து, “பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை இல்லை” என்று நாம் திட்டுகிறோம்.

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கற்பித்தல் சூம், வாட்ஸ்அப் வழியே நடந்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் அந்தக் குழுக்கள் கலையவில்லை. குறைந்த புள்ளி எடுத்தவரைக் குழுவில் எல்லோரும் பார்க்கக் கேலி செய்வதும், இரவில் மாணவிக்குத் தனியே செய்தி அனுப்புவதும் ஒழுக்க மீறலே. வகுப்பறை அவமானம் மணியடித்ததும் முடியலாம். கைத்தொலைபேசியில் வந்தது வீடு வரை பின்தொடரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. மாணவர் ஒருவரை ஆசிரியர் அறைந்த வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஆனால் முறைப்பாடு செய்தால் பாடசாலையின் பெயர் கெடும், பெண் பிள்ளையின் எதிர்காலம் பாதிக்கும் என்று நாமே வாயை மூடிக்கொள்கிறோம். அந்த மௌனம் தவறு செய்பவருக்கே கேடயமாகிறது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டியூஷன் வகுப்புகளுக்குப் பணம் கட்டும் பெற்றோர், அங்கே முறைப்பாட்டை ஏற்க யார் பொறுப்பு என்றும் கேட்க வேண்டும். ஆசிரியர் மாணவர் தொடர்பு பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் நடக்கட்டும். நம் பள்ளிவாசல் நிர்வாகங்கள் நடத்தும் வகுப்புகளுக்கும் இதே விதிதான்.

நல்ல ஆசிரியர்களே அதிகம். அவர்களின் கௌரவத்தைக் காப்பதற்கும் இதுவே வழி. பிள்ளைகள் நம் கையில் உள்ள அமானிதம். இன்றிரவு பிள்ளையிடம் புள்ளியைக் கேட்கும் முன், “வகுப்பில் உன்னை எப்படி நடத்துகிறார்கள்?” என்று கேளுங்கள். உதவி தேவையெனில் சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல ஆலோசனைக்கு 1926.