உப்பின் கணக்கு

நொய்யல் ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்கு அணித்தாக, பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையின் சரித்திரம், நம் நாட்டு நீர்த்தேக்கங்களின் சரித்திரத்தில் தனியே வைத்து எழுதத்தக்கது. எந்த உழவர்களின் நன்மையை உத்தேசித்து அது எழுப்பப்பட்டதோ அந்த உழவர்களே, சில ஆண்டுகள் செல்வதற்குள், அதில் நீரைத் தேக்கவும் வேண்டாம், தேக்கியதை எங்கள் நிலத்துக்குத் திறந்துவிடவும் வேண்டாம் என்று மன்றாடி, கடைசியில் நியாயஸ்தலத்தின் படியேற நேர்ந்தது. மேற்கே வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தெளிந்த ஓடைகளாகப் பிறந்து கோவையின் குளங்களை நிரப்பி வந்த நதி, திருப்பூரைக் கடந்து இவ்வணையை அடையும்போது பெரும்பாலும் சாயக்கழிவாகவே இருந்தது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் உவர்த்தன. மாடுகள் தொட்டியில் வாய்வைக்க மறுத்தன. நீர் வற்றிய இடங்களில் வெள்ளைப் பொருக்கு படர்ந்து, நடப்பவர் காலடியில் நொறுங்கிற்று.

சாயப்பட்டறையில் நடப்பது இன்னதென்று அறியாமல் இவ்விஷயத்தில் அபிப்பிராயம் சொல்வதால் பிரயோஜனம் இல்லை. பருத்தியும் அதற்கு இடப்படும் சாயமும் நீரில் ஒரே வகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அவ்விலக்கத்தைத் தணித்து, சாயத்தை நூலிழைக்குள் செலுத்துவதற்காகவே, கறியுப்போ சோடியம் சல்பேட்டோ, அடர்ந்த நிறமானால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும்கூட, தொட்டியில் கொட்டப்படுகிறது. பிறகு சோடாவைச் சேர்த்துச் சாயத்தை நிலைநிறுத்துகிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ சிறிதும் தங்குவதில்லை. வாங்கிய மூட்டை அத்தனையும் அலசும் நீரோடு வெளியேறுகிறது.

இந்தச் சாதாரண உண்மையைத்தான் முதலில் வகுத்த பரிகாரம் கவனிக்கத் தவறியது. 1990களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், சுண்ணாம்பு முதலியவற்றைக் கலந்து கசட்டைப் படியச்செய்து, கழிவுநீரின் நிறத்தை ஒருவாறு நீக்கின. நீரில் கரைந்த உப்பு, குழம்பில் கரைந்த உப்பைப் போலவே, அந்த முறைகளுக்கெல்லாம் பிடிகொடுக்காமல் ஆற்றுக்கே போய்ச் சேர்ந்தது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்ற விதி புத்தகத்தில் இருந்தது. ஆனால் செந்நிறமும் நீலநிறமும் மறைந்தவுடனே அதிகாரிகளுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் மனம் சமாதானமடைந்துவிட்டது. மாசை ஒழிப்பதாக நாம் செய்யும் காரியங்களில் பாதி, கண்ணுக்குத் தெரிவதை மறைக்கும் காரியங்கள்தாம் என்பது என் எண்ணம். பயிரின் வேருக்குக் கண் இல்லை. உப்பை மட்டும் அது தவறாமல் அறியும்.

ஆற்றங்கரையில் தொழில் நடப்பதே பாவம் என்று கருதுகிறவன் அல்லேன். ஒரத்துப்பாளையத்துக்கு வெகு தொலைவில் இல்லாத கொடுமணலில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதே நொய்யலின் கரையில் இரும்பை உருக்கினார்கள், மணிக்கற்களைத் துளையிட்டுக் கோத்தார்கள் என்பதை அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன. அக்காலத்தவர் நம்மிலும் உத்தமர்கள் என்பதல்ல. அவர்களுடைய தொழிலின் அளவு ஆற்றின் பொறுமைக்குள் அடங்கியிருந்தது. அளவு பெருகும்போது செலவும் யாரோ ஒருவர் தலையில் ஏறத்தான் செய்யும். யார் தலையில் என்பதே வழக்கு.

அவ்வழக்கை ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள். மாசுபடுத்தியவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற தத்துவத்தை 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதன்பின்னும் கழிவு நிற்கவில்லை என்று கண்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எய்தும்வரை திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடிவைக்க உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் அடைபட்டன. தொழிலாளர் பலர் கூலியின்றித் தவித்தனர். சில பட்டறைகள் வேறு மாவட்டங்களை நாடி, அங்குள்ள ஓடைகளையும் பாழாக்கின. இந்தத் துன்பங்களை மறைத்துப் பேசுவது நியாயமன்று. எனினும் தொழில் அழிந்தேபோகும் என்ற ஆரூடம் பலிக்கவில்லை. சர்க்கார் வட்டியில்லாக் கடன் தந்தது, ஆர்.ஓ. சவ்வுகள் நீரைப் பிரித்து மீண்டும் தொட்டிக்கே தந்தன. எஞ்சிய உவர்நீர் கொதிகலன் ஆவியில் சுண்டி உப்பாயிற்று. பத்தாண்டுப் புத்திமதியால் ஆகாததை, கதவடைப்பு செய்து காட்டியது. பின்னலாடை ஏற்றுமதியில் திருப்பூர் இன்றும் நாட்டின் முதலிடத்தில்தான் இருக்கிறது.

இதனால் கணக்கு முடிந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். நீரை மீட்டபின் மிஞ்சும் கலவை உப்பு, சாயத்தொட்டிக்கும் உதவாமல் வேறெதற்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் கிடக்கிறது; கொதிகலனுக்கு எரிக்கும் விறகும் நிலக்கரியும் ஆற்றின் பாரத்தில் ஒரு பகுதியைக் காற்றுக்கு மாற்றியிருக்கின்றன; மழைக்காலத்து இரவுகளில் வெள்ளத்தோடு வெள்ளமாய்க் கழிவைத் திறந்துவிடும் சாமர்த்தியசாலிகளும் மறையவில்லை. இவர்களைப் பிடிக்க நள்ளிரவில் ஜீப்பில் அலைவதைக் காட்டிலும் சுலபமான உபாயம் உண்டு. உப்பு துணியில் தங்காத பொருளாகையால், ஒரு பட்டறை வாங்கிய உப்புக்கும், அதன் கையிருப்பில் உள்ள உப்பு, சேர்த்துவைத்த கலவை உப்பு ஆகியவற்றுக்கும் உள்ள வித்தியாசமே அது ஆற்றில் விட்ட உப்பு. கொள்முதல் ரசீதையும் கிடங்கையும் ஒப்பிட்டு, அந்த எண்ணை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதந்தோறும் ஊரறிய வெளியிட வேண்டும். அத்துடன், பனியனுக்கு விலை பேசும் வெளிநாட்டு வியாபாரி, நீரை மீட்கும் செலவை மட்டும் பேரத்தில் அடித்துவிட்டுத் தன் விளம்பரத்தில் பசுமையைப் புகழ்வதை, ஏற்றுமதியாளர்கள் ஒன்றுகூடி மறுத்தாக வேண்டும்.

இவ்வளவும் பட்டறைக்காரரைப் பற்றியது. நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை உண்டு. இன்று நொய்யலில் கோடையிலும் ஓடும் நீரில் பெரும்பகுதி, கோவையும் திருப்பூரும் வழிநெடுகிலுள்ள சிற்றூர்களும் கழித்துவிடும் வீட்டுச் சாக்கடை. சாயப்பட்டறையை மூட ஓர் ஆணை போதுமாயிருந்தது. சமையலறைக் குழாயையும் கழிப்பறையையும் மூட எந்த நீதிபதியாலும் முடியாது. ஆகவே மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற தத்துவம், பட்டறை வாசலில் நமக்கு எவ்வளவு இனித்ததோ அவ்வளவு நம் வீட்டு வாசலில் கசக்கிறது; பாதாளச் சாக்கடை இணைப்புக்கு வைப்புத்தொகை கேட்டால் மறியல் செய்கிறோம், தேர்தல் நெருங்கினால் மாதக் கட்டணத்தை உயர்த்த மாநகராட்சியும் அஞ்சுகிறது. சாயத்துக்கு லிட்டர் கணக்கில் அபராதம் கேட்ட நாம், நம் சாக்கடைக்கு இணைப்புத் தொகையாவது செலுத்த இசைந்தால்தான், ஒரத்துப்பாளையத்தில் தண்ணீர் தேக்குவதைப் பற்றி அந்த உழவர்களிடம் மறுபடியும் பேச நமக்கு வாய் இருக்கும்.