நிலம் வாங்கப் புறப்படும் முன்



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த இளந்தம்பதியர் நம்மைக் காண வந்தனர். கணவர் நகரத்தில் கணினிப் பணி புரிபவர். மனைவி பள்ளி ஆசிரியை. நகர வாழ்வின் இரைச்சலும் மாதந்தோறும் ஏறும் செலவும் அவர்களைச் சலிப்புறச் செய்திருந்தன. சிற்றூர் ஒன்றில் இரண்டு ஏக்கர் புன்செய் வாங்கி, மின்கம்பியையும் குழாய்த் தண்ணீரையும் நம்பாமல், கதிரவன் ஒளியால் விளக்கேற்றி, மழைநீரைச் சேமித்து, விளைந்ததை உண்டு வாழ்வதெனத் தீர்மானித்திருந்தனர்.

"பக்கத்து நிலத்தின் விலையில் பாதிதான், சாமி. அச்சாரம் கொடுத்துவிட்டோம். மீதிக்கு இவள் நகையை வங்கியில் வைக்கப் போகிறோம். நீங்கள் வந்து நிலத்தை மந்திரிக்க வேண்டும்" என்றார் கணவர். மனைவி ஒன்றும் பேசவில்லை.

எளிய வாழ்வை விரும்பும் மனத்தைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஆசைக்கும் ஒரு கணக்கு வேண்டுமன்றோ? ஆகவே, தாளும் எழுதுகோலும் எடுத்து மூவரும் அமர்ந்தோம்.

முதலில் தண்ணீர். நூறு சதுர மீட்டர் கூரையின்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர். தமிழகத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். வழிந்தும் உலர்ந்தும் ஐந்திலொரு பங்கு போனால், எஞ்சுவது 73,600 லிட்டர். அவர்கள் வீட்டில் குழந்தையும் பாட்டியும் சேர்த்து நால்வர். தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் எனச் சிக்கனமாய் வைத்தாலும், ஆண்டுக்கு 80,300 லிட்டர் வேண்டும். செடிகளுக்கு ஒரு குவளையும் ஊற்றாமலே பற்றாக்குறை! அன்றியும், மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. சனவரி முதல் மே வரை தாக்குப்பிடிக்க 33,000 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். ஆகவே, கிணறின்றி ஆகாது.

அடுத்து வெளிச்சம். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். ஆனால் அதைச் சேமிக்கும் மின்கலங்களைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றியாக வேண்டும். அச்செலவையும் வீட்டுக் கணக்கில் எழுதவேண்டும்.

பின்னர் அவர் பத்திரங்களைக் காட்டினார். பட்டா இருந்தது, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிலும் பழுதில்லை.

"அவ்வூரில் யாரிடமேனும் பேசினீர்களா?" என்றோம்.

"தரகரிடம் மட்டும்."

அப்போதுதான் மனைவி வாய் திறந்தார்: "அதைத்தான் சாமி நானும் இவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

அடுத்த வாரம் மூவரும் அவ்வூருக்குச் சென்றோம். தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் அந்நிலத்தைச் சுட்டிக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது எங்கள் பாட்டன் காலத்துப் பஞ்சமி நிலம், ஐயா. அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் வாங்கிக் கைநாட்டு வைத்தார். பிறகு நிலம் திரும்பவில்லை" என்றார்.

பஞ்சமி நிலம் என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருக்கமாட்டார்கள். செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமன்ஹீர் தாழ்த்தப்பட்ட மக்களின் அவலநிலை குறித்து அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் சென்னை மாகாண அரசு அம்மக்களுக்கென நிலம் ஒதுக்க முன்வந்தது. முதல் பத்தாண்டுகள் அதை விற்கலாகாது. அதன்பின் விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. அதை மீறிய விற்பனை செல்லாது. எத்தனை கைமாறினும் அரசு மீட்கலாம். பாதி விலையின் இரகசியம் அப்போதுதான் விளங்கிற்று.

"நீங்கள் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார், ஐயா" என்றார் முதியவர். அச்சொல் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஆட்சியருக்கு மனு எழுத அவருக்கு உதவினோம்; விடை இன்னும் வரவில்லை. தரகர் அச்சாரத்தைத் திருப்பித் தரவுமில்லை. திரும்பும் வழியெல்லாம் கணவர் மௌனமாயிருந்தார். வீட்டு வாசலில் இறங்கியபோது, "காகிதம் சொன்னது பொய்யில்லை, சாமி. அது முழுவதும் சொல்லவில்லை" என்றார்.

உண்மைதான். வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களையே காட்டும். பதியாத உயிலையும் வாய்மொழிப் பாகப்பிரிவினையையும் காட்டாது. ஆகவே, நிலம் வாங்க விரும்புவோர் மூலப்பத்திரத்தையும், நிலத்தின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டையும் தேடிப் பார்ப்பார்களாக. நில அளவரைக் கொண்டு எல்லையை அளந்துகொள்வார்களாக. 1951-இல் வினோபா பாவே தொடங்கிய பூமிதான இயக்கத்தில் ஏழைகளுக்கென வழங்கப்பட்ட நிலமா, கோயில் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என விசாரிப்பார்களாக. வண்டிப் பாதைக்கும் கிணற்றுப் பங்குக்கும் பத்திரத்தில் இடமுண்டா என நோக்குவார்களாக. சித்திரை வெயிலில் ஒருமுறையும் அடைமழையில் ஒருமுறையும் போய்ப் பார்ப்பார்களாக. எல்லாவற்றிற்கும் மேலாக, நான்கு பக்கத்து நிலத்தாரோடும் அமர்ந்து பேசுவார்களாக.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில் இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்து ஊர் நிலத்தை வாங்கினார். மறைவில் அன்று, சாட்சிகள் முன்னிலையில் பத்திரம் எழுதி, பதினேழு வெள்ளிச் செக்கேலை நிறுத்துக் கொடுத்து வாங்கினார். ஊரறிய வாங்கும் நிலமே உறக்கம் கெடுக்காத நிலம்.

மின்கம்பி வேண்டாம் என்போர்க்கு அண்டை வீடு இன்னும் அதிகமாய் வேண்டும். நள்ளிரவில் பாம்பு தீண்டினால் வண்டி கொண்டு வருபவர் அண்டை வீட்டாரே. கிணறு வற்றினால் ஒரு குடம் தருபவரும் அவரே. அவர் கண்ணீரின்மேல் வேலி போட்டுவிட்டு அவர் உதவியை எங்ஙனம் நாடுவது?

அத்தம்பதியர் இப்போது வேறோர் ஊரில் ஐம்பது சென்ட் நிலத்தை ஓராண்டுக் குத்தகைக்கு எடுத்து, வார இறுதியில் சென்று பயிரிடக் கற்று வருகின்றனர். வாங்குவதா வேண்டாமா என்பதை அடுத்த கோடை கழிந்தபின் முடிவு செய்வார்களாம். நகை வங்கிக்குப் போகவில்லை. சென்ற ஞாயிறு பூசைக்குப்பின் அந்த ஆசிரியை ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்து தந்தார். பாதி சொத்தைதான். ஆயினும் நாம் மனமார ஆசீர்வதித்து வாங்கிக்கொண்டோம்.