முத்திரையும் நாணயமும்

நமது கைத்தொழிலுக்குப் பகை வெளிச்சரக்கு மட்டுமன்று. நல்ல சரக்கின் பெயரையே சூடிக்கொண்டு வரும் போலிச் சரக்கு அதனினும் கொடிய பகை. மதுரைச் சுங்குடியே இதற்குச் சாட்சி. ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகளைக் கையால் இட்டு, சாயம் தோய்த்து எடுக்கும் சேலை ஒன்று. அதே புள்ளிகளை அச்சில் ஒற்றிய சேலை மற்றொன்று. கடையில் இரண்டுக்கும் சுங்குடி என்றே பெயர். 2005ஆம் வருஷத்தில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டம் பெயருக்குக் காவல் தந்தது. வாங்குவோர் கண்ணுக்கு மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்டும் வேலையோ இன்னும் மிஞ்சியே நிற்கிறது.

போலிச் சின்னம் இடுவோருக்கு 1999ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால் வழக்கு, வாய்தா, சாட்சியம், அப்பீல் எல்லாம் முடிந்து தீர்ப்பு வருவதற்குள் வியாபாரம் போய்விடும். கோர்ட்டை நன்கு அறிந்த நாம் இதைச் சொல்லக் கூச வேண்டியதில்லை. திருட்டுப் போனபின் வழக்காடுவதைவிடக் கதவுக்குப் பூட்டிடுவதே புத்தி.

அப்பூட்டு இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2023 ஆகஸ்டு 1 முதல் 300 மருந்துகளின் உறைமீது க்யூஆர் கோடு அல்லது பார்கோடு இருத்தல் வேண்டுமென மத்திய சர்க்கார் விதித்தது. கைப்பேசியால் அதைப் படித்தால் தயாரித்தவர் பெயர், லைசென்ஸ் எண், தொகுதி எண், காலாவதித் தேதி முதலியன தெரியும். விதி நல்லதே, ஆயினும் உறைக்கு உறை வேறான எண்ணை அது கேட்கவில்லை. ஒரே கோட்டை எல்லா உறையிலும் அச்சிட்டால், உறையைப் போலி செய்பவன் கோட்டையும் சேர்த்தே போலி செய்வான். ஐரோப்பிய யூனியனில் 2019 பிப்ரவரி முதல் டாக்டர் சீட்டுக்கு விற்கும் மருந்துகளில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் உண்டு. மருந்துக்கடையில் விற்கும்போதே அவ்வெண் கணக்கில் கழிக்கப்படுகிறது. அதே எண் மறுமுறை வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதுவே வழி. பிரித்தால் கிழியும் முத்திரையும் உடன் வேண்டும். இல்லையேல் பழைய உறையில் புதுப் பொய் புகும்.

இது வீண்செலவு என்று நமது உற்பத்தியாளர் சிலர் எண்ணலாம். அவ்வாறன்று. குற்றமுள்ள தொகுதி ஒன்று வெளிப்போனால், முழுச் சரக்கையும் திரும்பப் பெறாமல் அதை மட்டும் பெறலாம். எந்த ஊருக்கு அனுப்பிய சரக்கு எந்த ஊரில் விலைபோகிறதென்று அறியலாம். எல்லாவற்றிலும் மேலாக, வாங்குபவர் நம்பிக்கை என்னும் முதல் கரையாமல் நிற்கும். ஒன்று மட்டும் எச்சரிக்கிறோம்: சரக்கைச் சோதிப்பவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பறிக்கும் தந்திரமாக இது ஆகிவிடக் கூடாது.

வீட்டுத் திண்ணையில் முடிச்சிடும் பெண்ணும் சிறு பட்டறைக்காரரும் இதைத் தனித்துச் செய்ய இயலாது. 1924 முதல் மதுரையில் இயங்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் போன்ற ஸ்தாபனங்கள் பொதுவானதொரு எண் பதிவேட்டை ஏற்படுத்தலாம். சர்க்கார் அதற்கு உதவலாம். சுதேசிச் சரக்கை வாங்குங்கள் என்று ஜனங்களிடம் கேட்கும் நாம், வாங்கியது சுதேசிதான் என்று அவர்களுக்கு நிரூபிக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம். அக்கடமையைச் செய்ய மதுரை முந்துமாக.