கூட்டு வட்டியும் முடியாத கணக்கும்

கொல்கத்தாவில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் டியூஷன் டியூஷனாக ஓடுகிறார்கள். எந்தக் கணக்குக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும் என்று நினைப்பு. இருக்காதுங்க!

கூட்டல், பெருக்கல் மட்டும் வைத்து மெய்யெண்களைப் பற்றித் தர்க்க மொழியில் எதை எழுதினாலும், சரியா தப்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழிமுறை உண்டு. டார்ஸ்கி நிரூபித்தது. நொடிக்கு நொடி சேரும் கூட்டு வட்டி எப்படி வளருமோ, அந்த அடுக்குக்குறிச் சார்பையும் சேர்த்தால்? ஷானுவல் யூகம் உண்மையானால் முடியும் என்று 1996-ல் மெக்கிண்டயரும் வில்கியும் காட்டினார்கள். யூகம் இன்றுவரை நிரூபணமாகவில்லை. அதிலிருந்து கிடைக்கக்கூடிய ஒரு சிறு துண்டை, ஆறு அடுக்குத் தேற்றத்தை, 1960களில் தனியே நிரூபித்தவர்களில் ஒருவர் நம் நாட்டு கே. ராமச்சந்திரா.

வங்கியில் நான் தினமும் பார்க்கும் வட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு தீராத கேள்வி! மார்க்கை மட்டும் கேட்காமல், இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அடுத்த துண்டை நிரூபிக்கப் போவது உங்கள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாமே?