தோற்ற முயற்சிக்கும் ரசீது வேண்டும்

பிரிட்டனின் பார்க்கிங் ஆப்கள் பற்றி இந்த இதழ் ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டிய நேரம் வந்துவிட்டது. 2025 மே மாதம் தேசிய பார்க்கிங் தளத்தை நடத்தும் பொறுப்பை அங்குள்ள போக்குவரத்துத் துறை பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷனிடம் ஒப்படைத்தது. தனியார் நிறுத்துமிடங்களுக்கான நடத்தை விதிகள் பற்றி அதே ஆண்டு ஜூலையில் அரசு மறுபடியும் கருத்துக் கேட்கத் தொடங்கியது. இரண்டிலும் நம் மென்பொருள் சோதனைத் துறையின் கை இருக்கிறது. கட்டண மாட்யூல்களைச் சோதித்து ஒப்புதல் தருகிறவர்கள் சென்னையிலும் கோவையிலும் லண்டனிலும் இந்த இதழைப் படிக்கிறார்கள். எனவே ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க நமக்கு உரிமையில்லை.

தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஓர் ஆப், தெருவுக்கு ஓர் ஆப் என்று ரிங்கோ, ஜஸ்ட்பார்க், பேபைபோன் என அடுக்கிக்கொண்டே போன நிலைமைக்கு இது ஒரு மாற்று. ஓட்டுநர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆப்பில் கட்டலாம். பணமும் பதிவெண்ணும் நடுவிலுள்ள தளம் வழியாக உரிய இடத்துக்குப் போய்ச் சேரும். மான்செஸ்டரில் முன்னோட்டமாகத் தொடங்கியது, அறிவிப்பு வந்தபோது பத்து உள்ளாட்சிகளில் ஓடிக்கொண்டிருந்தது. இதை வரவேற்கிறோம். ஏபிஐயைப் பொதுவில் வைத்துப் போட்டியாளர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் ஆப்களின் எண்ணிக்கையைக் குறைப்பதால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்கிறார்களே, அதை ஏற்க முடியாது. வண்டியை நிறுத்திவிட்டு போனை எடுப்பவர் கட்டணம் கட்டி முடிப்பதற்குள் எத்தனை இடத்தில் தடுக்கி விழலாம் என்று நம் ஆட்கள் ஒரு டெஸ்ட் கேஸ் பட்டியல் போட்டாலே போதும். பலகையில் உள்ள இட எண்ணைத் தப்பாகத் தட்டலாம். கார்டு விவரம் கொடுத்தபின் வங்கி உறுதிப்படுத்தல் கேட்கலாம். 2022 மார்ச்சுக்குப் பிறகு இணையவழிக் கார்டுக் கட்டணங்களுக்கு அது பிரிட்டனில் பொதுவாகக் கட்டாயம். அந்த உறுதிப்படுத்தல் வங்கியின் ஆப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வர வேண்டும். நிலத்தடி நிறுத்துமிடத்தில் இரண்டுமே வராது. திரையில் சக்கரம் சுற்றும், பிறகு டைம்அவுட். மறுபடி முதலில் இருந்து.

இத்தனை நேரமும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி நுழைவாயில் கேமராவைத் தாண்டிய நொடியில் தொடங்கிய அந்தக் கடிகாரம் இடத்தை நடத்தும் நிறுவனத்துடையது. டைம்அவுட் ஆன ஒவ்வொரு நிமிடமும் ஓட்டுநர் கணக்கில்தான் ஏறுகிறது.

டெர்பி நகரில் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். கட்டணத்தைக் கட்டிய ஒரு பெண் மீது, கட்டுவதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார் என்பதற்காக 1,906 பவுண்டு கேட்டு வழக்குத் தொடரப்பட்டது. சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்பது அவர் தரப்பு. 2024 இறுதியில் செய்தி நாடு முழுக்கப் பரவியபின் நிறுவனம் வழக்கைக் கைவிட்டது. 2025 பிப்ரவரியில் தொழில் அமைப்புகள் தங்கள் விதியைத் திருத்தின: கேமரா உள்ள இடங்களில், வெளியேறுவதற்குள் கட்டியவருக்குத் தாமதத்துக்காக நோட்டீஸ் அனுப்பக் கூடாது. நல்லது. கடைசிவரை கட்டவே முடியாமல் போனவருக்கு? முயன்றார், முயன்றார், ஆப் ஒத்துழைக்கவில்லை, டாக்டரைப் பார்க்க நேரமாகிவிட்டது, போய்விட்டார். திருத்தம் அவரைத் தொடவே இல்லை. விதியின் கண்ணில் அவரும், கட்டாமல் ஏமாற்ற நினைத்தவரும் ஒன்றுதான். இருவரையும் பிரித்துக் காட்டக்கூடிய ஒரே சாட்சி லாக். அது யாரிடம் இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் நான் விடாமல் எழுதிவரும் விஷயத்துக்கு இங்கே வருகிறேன். வெற்றிக்கு மட்டும் ரசீது தரும் மென்பொருள் அரைகுறை மென்பொருள். பணம் போனால் எண் உண்டு, நேரம் உண்டு, மின்னஞ்சல் உண்டு. பணம் போகவில்லை என்றால் 'ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்' என்று இரண்டு வரி. அதுவும் அடுத்த திரைக்குப் போனால் மறைந்துவிடும். அந்த முயற்சி சர்வர் லாகில் பதிவாகிறது என்பது நமக்குத் தெரியும். எந்த நொடியில் கோரிக்கை வந்தது, கேட்வே என்ன பதில் தந்தது, எத்தனை ரீட்ரை, எல்லாமே அங்கே இருக்கிறது. நாம் பக் ரிப்போர்ட் எழுதும்போது அதைத்தான் எடுத்து ஒட்டுகிறோம். யாருக்கு அது உண்மையிலேயே தேவையோ அவர் கண்ணில் மட்டும் அது படுவதில்லை.

சட்டப்படி கேட்டு வாங்கலாமே என்பார்கள். கணக்குப் பாருங்கள். தன்னைப் பற்றிய தரவைத் தரச் சொல்லி ஒருவர் கேட்டால், பதில் தர நிறுவனத்துக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. தனியார் நோட்டீஸை எதிர்த்து முறையிட 28 நாள். சலுகைத் தொகையில் கட்டி முடித்துக்கொள்ள 14 நாள். சாட்சி கைக்கு வருவதற்குள் சலுகையும் போய்விடும், முறையீட்டுக் கெடுவும் முடிந்துவிடும். கணக்குத் தொடங்கும் முன்பே ஆப் விழுந்திருந்தால் அவர் பெயரில் தரவே இருக்காது, கேட்கவும் ஒன்றுமில்லை. பெரும்பாலானவர்கள் சலித்துப்போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

என் கோரிக்கை எளியது. ஒவ்வொரு தோற்ற முயற்சிக்கும் ஒரு ரசீது. எண், சர்வர் நேரம், இட எண், தோல்வி எந்தக் கட்டத்தில் என்ற ஒரு வரி. சிக்னலே இல்லாத இடத்தில் ஆப் அதை போனிலேயே எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் அனுப்பட்டும். போனின் நேரத்தைப் பயனர் மாற்றி வைக்கலாமே என்று உடனே எதிர்ப்பு வரும். எங்கள் ஆசிரியர் குழுவிலேயே வந்தது. போன் ஆன் ஆனது முதல் ஓடும் உள் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதை செட்டிங்ஸில் போய் யாரும் மாற்ற முடியாது. முயற்சிக்கும் இணைப்பு வந்ததற்கும் இடையே ஓடிய நேரத்தை அதில் எடுத்தால், சர்வர் நேரத்தில் இருந்து பின்னோக்கிக் கழித்துக்கொள்ளலாம். முழுமையான சாட்சி இல்லைதான். ஆனால் நிறுவனம் காட்டும் கேமரா நேரமும் அதன் சொந்தக் கடிகாரம் சொன்னதுதானே? ஒரு தரப்பின் கடிகாரத்தைக் கேள்வி கேட்காமல் நம்புவோம், மறு தரப்பின் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டோம் என்றால், அப்படி முடிவு செய்வதில் தொழில்நுட்பத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

பதிவெண் தட்டுப்பிழையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிரிட்டிஷ் நம்பர் பிளேட்டுக்கு விதிக்கப்பட்ட எழுத்துருவில் ஆங்கில 'ஓ'வும் சுழியமும் ஒரே வடிவம். 'ஐ'யும் ஒன்றும் அப்படியே. 2001 செப்டம்பரில் வந்த அமைப்பில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு இரண்டு எண், இடைவெளி விட்டு மூன்று எழுத்து. ஆகவே மூன்றாம், நான்காம் இடத்தில் வட்டம் இருந்தால் அது சுழியம், மற்ற இடங்களில் எழுத்து. கேமரா மென்பொருள் பிளேட்டைப் படிப்பது இந்த இட விதியை வைத்துத்தான். வடிவத்தை மட்டும் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. அதே பதிவெண்ணைக் கட்டணம் கட்ட வந்தவர் பெட்டியில் தட்டும்போது ஒரு சுழியம் இடம் மாறினால்? ஆப் வாயைத் திறக்காமல் பணத்தை வாங்கிக்கொள்ளும். அப்படி ஒரு வண்டியே இருக்க முடியாது என்று ஒரே வரி ரெஜெக்ஸ் சொல்லிவிடும். பழைய பிளேட்டுகளும் விலைக்கு வாங்கிய சிறப்பு எண்களும் வேறு அமைப்பில் வரும், உண்மை. அவற்றுக்கு 'சரிபார்த்தீர்களா' என்று ஒரு முறை கேட்டால் போதும். வண்டியைப் பிடிக்கிற பக்கத்தில் இருக்கும் அறிவு பணம் வாங்குகிற பக்கத்தில் இல்லாமல் போவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதையும் நான் இதுவரை கேள்விப்படவில்லை. தட்டுப்பிழை பெரிதாக இருந்தால் 20 பவுண்டு வரை வாங்கலாம் என்று தொழில் விதி அனுமதிக்கிறது. பிழையைத் தடுத்தால் அந்த வரவு நிற்கும்.

இனி அரசைப் பற்றி. தனியார் நிறுத்துமிடங்களுக்கு ஒரே நடத்தை விதி வேண்டும் என்று 2019இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2022 பிப்ரவரியில் அரசு விதிகளை வெளியிட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் போனதும் ஜூன் மாதம் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2023 ஏப்ரலில் அமைச்சர் மைக்கேல் கோவ், ஆப் இல்லாதவர்களுக்கும் வழி வைத்திருங்கள் என்று உள்ளாட்சிகளுக்குக் கடிதம் எழுதினார். கடிதம்தான், உத்தரவு இல்லை. அதே காலத்தில் 3ஜி சேவை நிறுத்தப்படுவதால் பழைய கட்டண இயந்திரங்களை மாற்றக் காசில்லை என்று உள்ளாட்சிகள் அவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தன. சட்டம் வந்து ஆறு ஆண்டு கழித்து, 2025இல் மறுபடி முதல் படியில் நின்று கருத்துக் கேட்டார்கள். விதி எழுத ஆறு ஆண்டு போதாதவர்களுக்கு, வண்டி உரிமையாளரின் முகவரியைக் கொடுக்க மட்டும் ஒரு தடையும் இல்லை. வாகனப் பதிவு முகமையான டிவிஎல்ஏ, தனியார் நிறுவனங்களுக்கு ஒரு பதிவுக்கு 2.50 பவுண்டு வாங்கிக்கொண்டு உரிமையாளர் விவரம் தருகிறது. 2023-24 நிதியாண்டில் மட்டும் அப்படித் தரப்பட்டவை சுமார் 1 கோடியே 28 லட்சம். நாளொன்றுக்குச் சராசரி 35 ஆயிரம். அந்த ஏபிஐ டைம்அவுட் ஆகிறது என்று இதுவரை எந்த நிறுவனமும் புலம்பியதாகத் தெரியவில்லை!

இதற்கிடையில் விதி எழுதும் வேலையைத் தொழில் அமைப்புகளே எடுத்துக்கொண்டன. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பொது விதிகளை எழுதியவை பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷனும் அதன் போட்டி அமைப்பும். இப்போது தேசியத் தளமும் அதே அசோசியேஷன் கையில். வசூலிப்பவர்களின் சங்கமே விதி எழுதி, வசூல் ஓடும் குழாயையும் நடத்தினால், ஓட்டுநரின் தோல்விப் பதிவைக் கேட்டு வாங்க யாருக்கு அக்கறை இருக்கும்? இந்தக் கேள்வியை அமைச்சகத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பணம் செலவில்லாமல் ஒரு தலைவலி கைமாறியது என்ற நிம்மதிதான் அந்த அறிவிப்பில் தெரிந்தது.

தளம் பரவும்போது தோல்விப் பதிவின் தேவை கூடும், குறையாது. முன்பு ஆப்புக்கும் நிறுத்துமிடச் சோதனை அலுவலரின் கைக்கருவிக்கும் நடுவில் ஒரு இணைப்புதான். இனி ஆப், தளம், நடத்துநர் சர்வர், கைக்கருவி என்று சங்கிலி நீள்கிறது. ஆப்பில் 'கட்டியாயிற்று' என்று வந்து, தளத்தில் வரிசையில் காத்திருந்து, கைக்கருவிக்கு வந்து சேர்வதற்குள் அலுவலர் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போயிருப்பார். ரீட்ரையில் இருமுறை பணம் எடுப்பதும் இங்கேதான் முளைக்கும். எந்தக் கண்ணியில் அறுந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். எல்லாக் கண்ணிக்கும் பொதுவான ஒரு முயற்சி எண், முதல் தட்டலிலேயே பிறந்து கடைசி வரை கூடப் போக வேண்டும். தளம் இன்னும் விரிவடையும் கட்டத்தில் இருக்கும்போதே இதைச் சேர்ப்பது எளிது. நூறு உள்ளாட்சி சேர்ந்தபின் சேர்ப்பது எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனவே நம் நிலைப்பாடு இது. தேசியத் தளம் வேண்டும். அதன் கூடவே, தோற்ற முயற்சிக்கான ரசீது நடத்தை விதியில் கட்டாயமாக இடம்பெற வேண்டும். அந்த ரசீது உள்ளவர் முறையிட்டால், தன் ஆப்பும் இயந்திரமும் அந்த நேரத்தில் வேலை செய்தன என்று நிரூபிக்கும் பொறுப்பு நடத்துநருடையதாக வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் நோட்டீஸ் ரத்து. உரிமையாளர் முகவரி கேட்டு டிவிஎல்ஏவுக்குப் போகும் முன்பே, அந்தப் பதிவெண்ணுக்குத் தோற்ற முயற்சி இருக்கிறதா என்று பார்ப்பது நிபந்தனையாக வேண்டும்.

பிரிட்டனில் உள்ள வாசகர்கள் இதை அமைச்சகத்துக்கு எழுதுங்கள். சோதனைத் துறையில் இருப்பவர் என்று சொல்லி எழுதுங்கள், நிறுத்துமிட நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் நிச்சயம் எழுதியிருப்பார்கள். இங்கிருந்து அந்த வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்த ரிலீஸில் கட்டண மாட்யூல் உங்கள் மேசைக்கு வரும்போது, சிக்னலை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தோல்விக்கு எண் வரவில்லை என்றால் அதை உயர் முன்னுரிமைப் பிழையாகப் பதிவு செய்யுங்கள். ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.